பல் தடம்

மழலையர் பள்ளியில் மூன்று வயது மகிழினியின் கையில் மறுபடியும் பல் தடம் பதிந்திருந்தது. அவளுடைய அம்மா சுகந்தி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"எந்தப் பிள்ளை கடிச்சுது மிஸ்? அவங்க வீட்டாளுங்களைக் கூப்பிடுங்க, நான் பேசிக்கிறேன்."

எப்படிச் சொல்வதென்று ஆசிரியை ஸ்டெல்லா தயங்கினாள். இந்த முறை அவளே கண்ணால் பார்த்திருந்தாள்.

"யாரும் கடிக்கல மேடம். பாப்பாவேதான் கடிச்சுக்கிட்டா."

"தன் கையைத் தானே யாராவது கடிப்பாங்களா? உங்க தப்புக்கு என் குழந்தை மேல பழி போடாதீங்க."

"போன வாரம் நெஜமாவே ஒரு பையன் கடிச்சான். அன்னிக்கு நீங்க வந்து மத்தியானமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. அதுலேருந்துதான் இப்படி."

சுகந்தி மகளைப் பார்த்தாள். குழந்தை அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுகந்தி குனிந்து, கடிபட்ட இடத்தை ஊதிவிட்டாள்.

"இனிமே கடிச்சுக்கக் கூடாது, சரியா? கடிக்காம இருந்தா அம்மா வருவேன்."

அப்படிச் சொல்லாதீர்கள் என்று ஸ்டெல்லாவுக்கு வாய்வரை வந்தது. அதற்குள் இருவரும் படியிறங்கிவிட்டார்கள்.

மறுநாள் வகுப்பு தொடங்கிய சற்று நேரத்திலேயே மகிழினி எழுந்து வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். எதிலும் தடமில்லை.

"கடிக்கல மிஸ். அம்மாவுக்கு போன் பண்ணுங்க."

ஸ்டெல்லா போன் செய்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீட்டிய கைகளை இறக்காமல் குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.