ஷூவுக்குள் ஒரு சிரிப்பு

ஸ்டோர் ரூம்தான் பெண்களுக்கு உடை மாற்றும் இடம். கிழிந்த வலைகளுக்கும் சுண்ணாம்பு மூட்டைகளுக்கும் நடுவே அக்கா உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் பத்து நிமிடத்தில் நானூறு மீட்டர் இறுதி ஓட்டம். முதலாவதாக வந்தால்தான் தேசிய அணியில் இடம். ஆண்கள் அணி கழித்துப்போட்ட ஷூ ஒரு ஜோடியை ஸ்டோர்கீப்பர் அவள் காலடியில் போடுகிறார். "பொம்பளைங்க சைஸ் வாங்கலம்மா. உள்ள பேப்பர் வச்சுக்கோ." "அந்தப் பேப்பராவது புதுசா தருவீங்களா, அண்ணே?" அன்றைய நாளிதழை நீட்டுகிறார். விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் தடகளச் சங்கச் செயலாளர், ஆண்கள் அணிக்குப் புது ஷூ கொடுத்தபடி சிரிக்கிறார். எங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அக்கா அந்தப் படத்தைக் கிழித்து என்னிடம் தருகிறாள். "மடிச்சு வைடி. அவரு மூஞ்சி மேல வரணும். மிதிச்சுக்கிட்டே ஓடுறேன்." மடித்து இடது ஷூவுக்குள் வைக்கிறேன். வெளியே விசில். எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறாள். கடைசி வளைவில் இடது ஷூ கழன்றுகொள்கிறது. ஒரு கை அகல வித்தியாசத்தில் இரண்டாவதாக வருகிறாள். அதன் பிறகும் பல வருடம் அந்த ஷூவில்தான் ஓடினாள். அக்கா இறந்து இன்றோடு ஒரு மாதம். அந்த இடது ஷூ என் மடியில் இருக்கிறது. காகிதத்தைப் பிரிக்கிறேன். செயலாளரின் கண்ணும் மூக்கும் தேய்ந்து போயிருக்கின்றன. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.