எர்த் கிளாம்ப் வாங்கிய அடி

"ஒரே ஒரு பொட்டு வெல்டிங்தானே, முகமூடி எதுக்கு" என்று வெல்டர் அந்தோணிசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரும்புக் கேட்டில் வெல்டிங் ராடை வைக்கப் போனார். ஆணியில் தொங்கிய வெல்டிங் முகமூடி பதறியது.

"முந்தாநாளும் என்னை மாட்டாம இப்படித்தான்! ராத்திரியெல்லாம் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி துடிச்சார்."

கேட்டைக் கவ்வியிருந்த எர்த் கிளாம்ப், "கத்தாதே அண்ணே" என்று பிடியை விட்டுக் கீழே விழுந்தது. மின்சுற்று அறுந்து, ராடில் பொறி வரவில்லை.

"தண்டம்!" அவர் அதைச் சுத்தியலால் ஒரு போடு போட்டு மாட்டினார். மறுபடியும் விழுந்தது. மறுபடியும் அடி.

கடைசியில், "இதை ஒழுங்காகப் பார்த்துத்தான் வைக்கணும்" என்று முகமூடியை எடுத்து மாட்டினார். உடனே கிளாம்ப் உடும்பாய்ப் பிடித்துக்கொண்டது. பளீரென்று பொறி பறந்தது.

"ரொம்ப வலிக்குதாடா?" என்றது முகமூடி.

"பேசாதே அண்ணே. நீ அவர் கண்ணைப் பாரு."