ஒண்ணு மாதிரி ஓர் எழுத்து

“தம்பி, எங்க குடும்பப் பேருக்கு நடுவுல எதுக்கு ஒண்ணாம் நம்பர் போட்டீங்க?”

மருமகளின் குரல் உடைந்ததைக் கேட்டதும், அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள் மாமியார்.

கம்ப்யூட்டர் முன்னால் சின்னவன். அண்ணியைச் சீண்டுவதே துரைக்குப் பிழைப்பு.

“பார்க்க ஒண்ணு மாதிரிதானே இருக்கு, அண்ணி?”

“அது நம்பர் இல்ல. எழுத்து!”

வெளிநாட்டுக்காரியான மருமகளின் தாய்மொழியை, ரஷ்ய மொழியைப் போலவே, சிரிலிக் எழுத்தில் எழுதுவார்கள். அதில் கூடுதலாக ஒற்றைக் குச்சி மாதிரி ஓர் எழுத்து. கண்ணுக்கு ஒன்றாம் நம்பர்தான். கம்ப்யூட்டருக்கோ இது வேறு, அது வேறு. ‘நம்ம துணைக்காலும் ரவும் மாதிரி, அத்தை’ என்று மருமகள் வந்த புதிதிலேயே விளக்கியிருந்தாள்.

போரில் ஊரே சிதறி ஓடியபோது கைநழுவிப்போன அண்ணனை, அந்தக் குடும்பப் பெயரை வைத்துத்தான் இணையத்தில் தினமும் தேடுகிறாள். குச்சி எழுத்தை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டி, பிசகில்லாமல். ஆள் அகப்பட்டபாடில்லை.

மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டாள். “அறிவிருக்காடா? அவ அண்ணனைக் காணோம்னு தவிக்கிறா, உனக்கு அந்தப் பேரு விளையாட்டா?”

“அம்மா, ஒரு நிமிஷம்...”

“வாயை மூடு! படிச்சு முடிச்சும் வேலைவெட்டி இல்லாம அந்தப் பெட்டி முன்னாடியே கிட. உதவி பண்ணத் துப்பில்ல, நக்கலுக்கு மட்டும் குறைச்சலில்ல. முதல்ல அந்த ஒண்ணை அழி!”

“அழிச்சா ஆளு போயிடுவாரும்மா.”

“எந்த ஆளுடா?”

அவன் திரையை அண்ணி பக்கம் திருப்பினான்.

தாடி வைத்த ஒருவரின் போட்டோ. தாடியை விடுங்கள், அந்த மூக்கு! மருமகளின் மூக்கைக் கழற்றி ஒட்டியதுபோல இருந்தது.

மருமகள் தன் மொழியில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள். மாமியாருக்கு அர்த்தம் கேட்கத் தேவைப்படவில்லை.

“நான்... நான் சரியாத்தானே தேடினேன், தம்பி?”

“அதான் அண்ணி சிக்கல். அந்தக் குச்சிக்கு கீபோர்டுல பட்டனே கிடையாது. உங்கண்ணனும் என்னை மாதிரி சோம்பேறி போல, தன் பேருல குச்சிக்குப் பதிலா ஒண்ணைத் தட்டிட்டுப் போயிட்டார். காலையில மெசேஜ் அனுப்பினேன். உங்க சின்ன வயசுப் பேரைச் சொல்லி, ‘இருக்காளா?’ன்னு கேட்டிருக்கார்.”

மருமகள் அவன் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“விடுங்க அண்ணி. சரியா அடிச்சுத் தேட நீங்க இருந்தீங்க. தினமும் உட்கார்ந்து விதவிதமா தப்பா அடிச்சுத் தேட, வீட்டுல ஒரு வெட்டிப்பய வேண்டாமா?”