குளிர்தகட்டுக்கு வைத்த பொட்டு

உள்ளங்கை அகலச் செப்புத் தகடு. அதற்குள் தலைமுடியை விட மெல்லிய கால்வாய்களை வெட்டி, தண்ணீர் ஓடவிட்டு, கணினிச் சில்லின் சூட்டை இழுக்க வைப்பதற்குப் பூங்கோதைக்கு மூன்று வருடம் ஆனது. இன்றைய செயல்விளக்கத்தில் அது ஓடாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். சிறப்பு விருந்தினர் முன்னிலையில் இயக்குநர் வாமனமூர்த்தி தகட்டுக்குத் தாராளமாகச் சந்தனப் பொட்டு வைத்தார், சரியாகத் தண்ணீர் நுழையும் துளையின் மேல்.

"சார், உள்ள போய் அடைச்சுக்கும். கழுவிட்டு மாட்டறேன்."

"நல்ல காரியத்துல அடைப்பு, கழுவறதுன்னு பேசலாமாம்மா? ஒரு பொட்டைத் தாங்காததா நாட்டோட சூட்டைத் தாங்கப் போகுது? குழாயை மாட்டு."

மாட்டினாள். விசையைப் போட்டாள். வெப்பத்தையே வென்றுவிட்டோம் என்று இயக்குநர் மைக்கில் ஆரம்பித்தார். அவள் பக்கத்துத் திரையில் சில்லின் சூடு எண்பது டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அணைத்துவிட விசையின் மேல் விரலை வைத்து அவரைப் பார்த்தாள். பேச்சு முடியட்டும் என்று கையமர்த்தினார். விரல் வேறு யாருடையதோ போல அங்கேயே கிடந்தது. தண்ணீர் ஓடாமல் கொதித்த தகட்டிலிருந்து சந்தன வாசனை கிளம்பி அரங்கம் முழுக்கப் பரவியது. முன்வரிசையில் விருந்தினர் கண்ணை மூடி, நன்றாக மூச்சை இழுத்தார்.

"தெய்வீகமா இருக்குய்யா," என்றார்.