முப்பத்தெட்டுத் தாள்களில் ஒரே பிழை

பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஜனவரி மாதத்து மேகமூட்டம். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்த காற்றில் இரும்பு வாடை. கும்மிடிப்பூண்டியை அடுத்த அந்தப் பள்ளியின் பத்தாம் வகுப்பில், முப்பத்தெட்டு விடைத்தாள்களையும் மேசைமேல் அறைந்து வைத்தார் வரலாற்று ஆசிரியை விக்டோரியா.

“வேலூர்ப் புரட்சி என்னைக்கு நடந்தது? யாராவது சொல்லுங்க.”

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

“1806, ஜூலை பத்து. புத்தகத்துல தெளிவா போட்டிருக்கு. முப்பத்தெட்டு பேரும் ஆகஸ்ட் பத்துன்னு எழுதியிருக்கீங்க! ஒருத்தர் தப்பா எழுதினா மறதி. எல்லாரும் ஒரே தப்பை எழுதினா அதுக்குப் பேரு காப்பி!”

பொதுத்தேர்வுக்கு இரண்டே மாதம். ஒரு கட்டுரை வினாவுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று, தம் மணிக்கட்டில் தொளதொளவெனக் கிடந்த கணவர் ஸ்டீபனின் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவர்களைப் பழக்கியிருந்தார். அவருடைய விதி ஒன்றே ஒன்றுதான்: எழுதும்போது யோசிக்காதே, நேரம் போய்விடும்; நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுது.

அத்தனை உழைப்பும் வீண்!

“யாரைப் பார்த்து யார் எழுதினது? பார்த்திபா, நீ சொல்லு.”

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்திபன் எழுந்தான். எதற்கும் ஒரு நக்கல் பதில் வைத்திருப்பவன், இன்று கூரையைப் பார்த்தான்.

“தெர்ல டீச்சர்.”

“அங்கதான் எழுதி ஒட்டியிருக்கா?”

யாரும் சிரிக்கவில்லை. ஆறு மாதமாகவே இந்த வகுப்பு அவரிடம் மறுபேச்சுப் பேசுவதில்லை. அதைப் பயம் என்றே அவர் நினைத்திருந்தார்.

“சரி. எல்லாருக்கும் பூஜ்யம். இன்னையோட ஸ்பெஷல் கிளாஸும் நிறுத்தியாச்சு. காப்பி அடிக்கிறவங்களுக்கு நான் எதுக்கு?”

முதல் பெஞ்சில் ஸ்நேகா எழுந்தாள். வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் அவளுக்குத்தான்.

“நான்தான் டீச்சர் எல்லாருக்கும் காட்டுனேன். கிளாஸை நிறுத்தாதீங்க.”

“பன்னிரண்டு நிமிஷத்துல முப்பத்தேழு பேருக்கா?”

“ஆமா டீச்சர்.”

“வெக்கமா இல்ல? நாளைக்கு அம்மாவோட வா. இல்லேன்னா கிளாஸுக்குள்ள காலை வைக்காதே!”

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு, இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு, கம்பெனிச் சீருடையிலேயே மகளோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள் ஸ்நேகாவின் தாய் கல்பனா. கண்களில் தூக்கமில்லை, கோபம்தான் இருந்தது.

“எம் பொண்ணு காப்பி அட்ச்சுதுன்னு சொன்னீங்களாமே டீச்சர்? ராவும் பகலும் நீங்க குட்த்த நோட்டைத்தான் ஒப்பிச்சிக்கினு கெடக்குது. அது இன்னாத்துக்கு ஊரைக் கூட்டிக் காட்டப் போவுது? இந்தாங்க, நீங்களே பாருங்க!”

மகளின் பையிலிருந்து நோட்டைப் பிடுங்கி நீட்டினாள்.

“வேணாம்மா, வா போலாம்” என்று ஸ்நேகா தாயின் கையை இழுத்தாள்.

“ஆன்ட்டி, அதைக் குடுத்துடாதீங்க!” என்று பின்னாலிருந்து ஓடி வந்தான் பார்த்திபன்.

அதற்குள் நோட்டு விக்டோரியாவின் கையில் இருந்தது.

ஜூலை இருபத்தெட்டு என்று தேதியிட்ட பக்கம். அவரே சொல்லச் சொல்ல வகுப்பு மொத்தமும் எழுதிக்கொண்ட குறிப்பு: ‘வேலூர்ப் புரட்சி, 1806 ஆகஸ்ட் 10.’ ஓரத்தில், பென்சிலால், ஸ்நேகாவின் கையெழுத்து: ‘புத்தகத்தில் ஜூலை. டீச்சரிடம் கேட்க வேண்டாம்.’

கல்பனா வாசற்படியிலேயே நின்றாள். பார்த்திபன் மறுபடியும் கூரையைப் பார்த்தான். விக்டோரியா கரும்பலகையில் ‘ஜூலை 10’ என்று எழுதினார். அதன் கீழே, ‘தவறு என்னுடையது’ என்றும் எழுதினார்.

பிறகு திரும்பினார். குரலில் நேற்றைய கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன?”

ஸ்நேகா அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்டி டீச்சர் சொல்றது? ஸ்டீபன் சாரை அடக்கம் பண்ணிட்டு, மொதமொதல்ல நீங்க கிளாஸுக்கு வந்தது அன்னிக்குத்தானே?”