கரண்ட் பஸ்தான் வேணும்

“டீசல் பஸ்ஸுன்னா எங்க ஊருக்கு வேணாங்க. கரண்ட் பஸ்தான் வேணும்.”

மனுவை நீட்டிய வெள்ளச்சியை நிர்மலா நிமிர்ந்து பார்த்தாள். கள்ளக்குறிச்சியில் அன்று மனு வாங்கும் நாள். கல்வராயன் மலைக்கு விடப்போகும் முதல் மின்சாரப் பேருந்தை எந்த ஊர் வரை விடலாம் என்று பரிந்துரைக்கும் அதிகாரி நிர்மலா.

வெள்ளச்சியின் ஊரான சாமைப்பாடிக்கு டீசல் பஸ் என்றால் அடுத்த மாதமே விடலாம், மின்சார பஸ்ஸுக்கு ஒரு வருஷமாவது ஆகும் என்று நிர்மலா எடுத்துச் சொன்னாள். காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள் வெள்ளச்சி.

நிர்மலாவுக்குப் புரியவில்லை. மற்ற ஊர்க்காரர்கள் ஏதாவது ஒரு பஸ் வந்தால் போதும் என்றுதான் கேட்டார்கள். டீசல் புகை ஒத்துக்கொள்ளவில்லையா என்று விசாரித்தாள்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்.”

“அப்புறம் ஏன்?”

“ராத்திரி பஸ்ஸு எங்க ஊர்லயே நிக்கணும். காத்தால அங்கேர்ந்து கெளம்பணும். அத்த மட்டும் எழுதிக்கோங்க.”

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். அறுவடை நேரத்தில்கூட ஏழு கிலோமீட்டர் நடந்து, பஸ் பிடித்து வந்து நின்றாள். சார்ஜ் ஏற்றும் இடத்துக்கு நிலம் இல்லை என்றபோது, சாமை விளையும் தன் காட்டில் ஐந்து சென்ட் எழுதித் தந்தாள்.

அதன் பிறகு நிர்மலா யோசிக்கவில்லை. சாமைப்பாடியைப் பரிந்துரைத்தாள். மேலிடம் ஒப்புக்கொண்டது. சார்ஜ் வசதிக்கான வேலை வேறு துறைக்குப் போனது.

பதினோரு மாதம் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் முதல் பஸ் மலையேறியது. நிர்மலாவும் அதில் இருந்தாள். ஊரே திரண்டு நிற்கும் என்று நினைத்திருந்தாள். நிறுத்தத்தில் ஒரு ஆள் இல்லை.

மனசு கொஞ்சம் சுருங்கியது. வழி கேட்கவும் ஆளில்லாமல் தேடிப்போனபோது, வெள்ளச்சியே எதிரில் ஓடி வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“இவ்ளோ நாள் அலைஞ்சீங்க. பஸ்ஸப் பாக்கக்கூட யாரும் வரலையே?” என்றாள் நிர்மலா.

“கோச்சுக்காதீங்க மேடம். எல்லாரும் வூட்டுக்குள்ள மொத மொதலா லைட்டப் போட்டுப் பாத்துக்கினு கீறாங்க. கரண்டு வேணும்னு பதினெட்டு வருசமா மனு குடுத்தோம், வரல. பஸ்ஸுக்கு சார்ஜ் போடணும்னா, ஊருக்குக் கம்பி இழுத்துத்தானுங்களே ஆவணும்?”