எட்டு மைல் குழந்தைவேல்

மூன்றாம் மைலில் காளியப்பன் தன் கையாலேயே சோடா உடைத்து நீட்டியபோது, குழந்தைவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த மச்சினன் கல்யாணத்துக்கே ஒரு ரூபாய் மொய் வைத்த மனுஷன் காளியப்பன்!

"குடிச்சுப்போட்டு ஓடுங்க மாப்ளே. நின்னுகின்னு போடாதீங்க!"

மூன்று லாரிக்குச் சொந்தக்காரரான குழந்தைவேல், எதிர்வீட்டுக்குப் போவதென்றாலும் காரை எடுக்கச் சொல்பவர். இப்போது தொப்பை முன்னால் ஓட, அவர் பின்னால் ஓடினார்.

போன வருஷம் அவருடைய டிரைவர் சடையன் தொண்டைப் புற்றில் செத்துப்போனான். அந்த வியாதிக்கு வைத்தியம் பார்க்க வழியில்லாதவர்களுக்காக லாரிக்காரர் சங்கம் நிதி திரட்டியது. "புதுச்சத்திரத்துல இருந்து நாமக்கல் வரைக்கும் எட்டு மைலு நான் ஓடறேன்" என்று குழந்தைவேல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"மைலுக்கு நூறு ரூபான்னு பதினஞ்சு பேருகிட்ட எழுதி வாங்கிட்டேனுங்கண்ணா. மொதக் கையெழுத்தே காளியப்பண்ணன்தான். நோட்டை நான் பாத்துக்கறேன், நீங்க ரோட்டைப் பாருங்க" என்றார் செயலாளர் வேலுமணி.

ஐந்தாம் மைலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. புளியமரத்தடியில் உட்கார்ந்தே விட்டார். கடைசி நாளில் தண்ணீர்கூட விழுங்க முடியாத சடையனை நினைத்து அழுகை வந்தது.

பின்னால் லாரியில் வந்த பதினைந்து பேரும் பதறிக் குதித்தார்கள். ஒருவர் காலை நீவினார், ஒருவர் துண்டால் விசிறினார். காளியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எந்திரிங்க மாப்ளே, நானும் கூட ஓடியாரேன்!" என்றார்.

இவ்வளவு பாசத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்? குழந்தைவேல் எழுந்து ஓடினார். ஓட்டம் என்று சொல்லமுடியாது, ஒரு மாட்டுவண்டி நிதானமாக முந்திப்போனது. ஆனாலும் நிற்கவில்லை.

நாமக்கல் கோட்டையடியில் போய் விழுந்ததும் பதினைந்து பேரும் அவரைத் தோளில் தூக்கினார்கள். பாரம் தாங்காமல் உடனே இறக்கியும் விட்டார்கள்.

வேலுமணி மட்டும் நோட்டோடு ஓரமாக நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"பாத்தீங்களா வேலுமணி! முழுசாப் பன்னெண்டாயிரம்! சடையனாட்டம் எத்தன பேருக்கு வைத்தியம் பாக்கலாம்!"

"ஒரு பைசா தேறாதுங்கண்ணா!" வேலுமணி அழாத குறை. "நீங்க அரை மைலு தாண்ட மாட்டீங்கன்னு நம்பி, ஓடாம உடற மைலுக்குத்தானுங்க நூறு ரூபான்னு எழுதி வாங்கினேன்!"